லிப்டன் துரைக்குச் சிலை இருக்கிறது

 

கொஞ்சம் நீளமான பதிவு. பஸ்ஸில் நின்றுகொண்டு வாசிக்க வேண்டாம். வீட்டுக்குப் போய், பிளேன்டி ஒன்று ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

டித்வா புயல் வந்து போனதற்குப் பிறகு அப்புத்தளையில் ஒரு பேச்சு எழும்பியிருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். டவுனில், பஸ் நிற்கிற பக்கமாக, ஒரு சிலை வைக்க வேண்டும். யுத்தம், சுனாமி, மண்சரிவு, கொரோனா, பொருளாதார நெருக்கடி, இப்போது புயல், இத்தனையையும் தாண்டி வந்த மக்களின் நினைவாக. இரண்டு கைகள் ஒரு மலையைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி ஒரு படம் கூட வட்ஸ்அப்பில் சுற்றியது. அடியில் ஒரு கல். அந்தக் கல்லில் தமிழில் மூன்று வரி எழுதித் தரச் சொல்லி எங்கள் பாடசாலைக்குத் தகவல் வந்தது. டீச்சர்மார் நல்லா எழுதுவாங்கதானே என்று சொன்னார்களாம்.

நாங்களும் சந்தோஷமாகத்தான் ஒப்புக்கொண்டோம். இடைவேளை நேரத்தில் ஆசிரியர் அறையில் ஐந்தாறு பேர் உட்கார்ந்து, "வீழ்ந்தாலும் எழுந்தோம்" என்று ஒன்று, "மீண்டெழுந்த மலையகம்" என்று ஒன்று, இன்னும் நாலைந்து. விவாதப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிற ஆட்கள் நாங்கள். இந்த மாதிரி வரிகளுக்கு எங்களிடம் பஞ்சமே இல்லை.

தேத்தண்ணி கொண்டு வருகிற அக்கா மேசையில் கிடந்த தாளை எட்டிப் பார்த்தார். அவர் கொஸ்லந்தைப் பக்கம். கூடப் பிறந்த அக்காவை மீரியபெத்தையில் பறிகொடுத்தவர். தட்டை வைத்துவிட்டுக் கேட்டார்: "டீச்சர், இதுல எங்க அக்கா பேரு வருமா?"

இல்லை அக்கா, இது பொதுவாக எல்லாருக்கும் என்று சொன்னோம். "ஆ, சரி" என்றார். கோபம் எதுவும் இல்லை. கப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு நிறுத்திய பேனை. இன்று வரை அந்த மூன்று வரியையும் எங்களால் எழுத முடியவில்லை. கேட்டவர்கள் மூன்று தடவை ஞாபகப்படுத்திவிட்டார்கள். ஏன் எழுதவில்லை என்று ஊருக்கே சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறோம்.

மீரியபெத்தையை நம் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கு இப்போது தெரியவில்லை. இங்கிருந்து பெரகலைக்கு இறங்கி, கொஸ்லந்தை, வெல்லவாயப் பக்கமாகப் போகிற பாதை. தியலும நீர்வீழ்ச்சி பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் அந்த வழியாகத்தான் போகிறார்கள். 2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை. காலை ஏழரை மணியளவில் மலை இறங்கியது. லயங்கள், கோயில், மாட்டுப்பட்டி, மரக்கறித் தோட்டம், எல்லாம் போயிற்று. பிள்ளைகள் பலர் பாடசாலைக்குப் போயிருந்தார்கள். அவர்களைக் காப்பாற்றியது அந்த மணி அடிக்கிற நேரம்தான். காலையில் தலை வாரி அனுப்பிய உம்மா பின்னேரம் இல்லை, அனுப்பிய வீடும் இல்லை, அந்த வீடு இருந்த இடமும் இல்லை. கொஸ்லந்தைத் தமிழ் வித்தியாலயமும் பூனாகலை வித்தியாலயமும் முகாம்களாகின. படிக்கப் போன அதே பாடசாலையில் அந்தப் பிள்ளைகள் இரவும் தங்கினார்கள்.

எங்களில் சிலர் அப்போதுதான் நியமனம் கிடைத்து வந்த புதிய ஆட்கள். ஊரில் சேர்த்த அரிசி, பாய், பால்மா, துவாய் எல்லாவற்றையும் ஒரு லொறியில் ஏற்றிக்கொண்டு போனோம். பள்ளிவாசலில் சேர்த்தது, கோயிலில் சேர்த்தது, பன்சலையில் சேர்த்தது எல்லாம் ஒரே லொறியில்தான் போனது. போய்ப் பார்த்தபோது கண்டது ஒரு செம்மண் ஆறு. அசையாத ஆறு. அதில் ஒரு தகரத் துண்டு, ஒரு வாளி. ஆர்மிக்காரப் பொடியன்கள் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, இங்கே ஒரு லயம் இருந்தது, அங்கே ஒரு லயம் இருந்தது என்று ஊர்க்காரர் கை காட்டுகிற பக்கம் எல்லாம் தோண்டினார்கள். முதல் நாள் நூற்றுக்கணக்கானோர் என்றார்கள். பிறகு எண்ணிக்கை இறங்கியது. எண்ணிக்கை இறங்கியதை ஒரு நல்ல செய்தி போல வாசித்தவர்களும் உண்டு. தோண்டி எடுக்கப்பட்டவர்களை விட எடுக்கப்படாதவர்கள்தான் அதிகம். அவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஜனாஸா இல்லாத மௌத் எப்படி என்று நமக்குத் தெரியும். கடலில் போனவர்களுக்குக் காயிப் ஜனாஸா தொழுகிறோம். அதற்கு ஒரு வழி நமக்கு இருக்கிறது. அங்கே ஒரு தாத்தா மகன் படுத்திருந்த இடம் எது என்று சரியாகத் தெரியாமல், மூன்று இடத்தில் கற்பூரம் கொளுத்தினார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அந்த மலை சரியும் என்று தெரியாமலும் இருக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது, ஆட்களை அங்கிருந்து எழுப்பச் சொல்லியிருந்தது. எழுப்பி எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. லயத்துக் காம்பரா தொழிலாளிக்குச் சொந்தம் இல்லை, அது தோட்டத்தோடு சேர்ந்தது. சொந்தமாக ஒரு பேர்ச் மண் இல்லாதவனிடம் போய், இந்த இடம் ஆபத்து, வெளியேறு என்று சொன்னால் அவன் எங்கே போவான்? உயிர் தப்பியவர்களில் நிறையக் குடும்பங்கள் மக்கள்தெனியவில் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் இருந்தார்கள். 2016 ஒக்டோபரில்தான் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன, ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச். இரண்டு வருடம். அந்த இரண்டு வருடமும் மேடைக்கு மேடை அவர்களைப் பார்த்து "மனவலிமை மிக்க மக்கள்" என்று சொன்னார்கள்.

அதனால்தான் "மீண்டெழுந்த" என்கிற சொல்லில் பேனை நின்றது. எழும்பினார்கள் என்பது உண்மை. அடுத்த மாதமே கூடை தூக்கி வேலைக்குப் போனார்கள். போகாவிட்டால் அந்த நாள் பேர் இல்லை. அதற்குப் பெயர் மனவலிமையா, வேறு வழி இல்லாமையா? இரண்டும்தான் என்று எங்களில் ஒரு ஆசிரியர் சொன்னார். அவர் தோட்டத்துப் பிள்ளை. அவருக்குச் சொல்ல உரிமை இருக்கிறது.

சிலை என்று வந்தால் நம்ம பக்கத்தில் ஒரு சிலை ஏற்கனவே இருக்கிறது. லிப்டன் சீட்டில். தாமஸ் லிப்டன் துரை ஆறுதலாக வாங்கில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம், நாங்களும் பிள்ளைகளோடு போய் எடுத்திருக்கிறோம். 1890இல் தம்பேதன்னை தொழிற்சாலையைக் கட்டியவர் அவர். அங்கே உட்கார்ந்துதான் தன் தோட்டங்களைப் பார்ப்பாராம். பனி விலகின நாளில் அங்கிருந்து பார்த்தால் எத்தனை மாவட்டம் தெரிகிறது என்று வழிகாட்டிகள் சொல்லுவார்கள். அவர் பார்த்துக்கொண்டிருக்கிற அந்தச் சரிவுகளில் நடந்து நடந்து கொழுந்து பறித்தவர்களுக்கு அங்கே ஒரு வாங்கு கூட இல்லை. அவர் சிலையை உடை என்று சொல்ல வரவில்லை. அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கட்டும். ஆனால் ஒரு தடவை எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "சேர், இவரு இங்க வேலை செஞ்சாரா?" என்று கேட்டது. வாங்கினார் என்று சொன்னோம். "எதை?" என்றது. மலையை என்றோம். அந்தப் பிள்ளை மலையையும் சிலையையும் மாறி மாறிப் பார்த்தது.

சிலை என்றதும் நம்மவர்கள் சிலருக்கு வேறு ஒரு கேள்வி வரும், வந்தது. டவுனில் ஒரு ஹாஜியார் எங்களை நிறுத்திக் கேட்டார்: "உருவம் வைக்கிறதுக்கு நம்ம கையால எழுதிக் குடுக்கிறதா மகன்?" கேட்டதில் தவறில்லை. உருவம் வைப்பது நம் வழி இல்லை. ஆனால் நினைவு வைப்பது நம் வழிதான். வாப்பா பெயரில் கிணறு வெட்டுகிறோம், உம்மா பெயரில் பள்ளிக்குப் பாய் வாங்கிப் போடுகிறோம், மரம் நடுகிறோம். ஸதக்கதுல் ஜாரியா என்கிறோம். ஆள் போன பிறகும் ஓடிக்கொண்டிருக்கிற தர்மம். அந்தத் தண்ணியைக் குடிக்கிறவன் யாராகவும் இருக்கலாம்.

கலாசாலையில் படித்த காலத்தில் எங்களில் சிலர் காத்தான்குடிக்குப் போனோம். 1990 ஓகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை இரவு, மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனியாப் பள்ளியிலும் இஷாத் தொழுதுகொண்டு நின்றவர்களை விடுதலைப் புலிகள் சுட்டார்கள். நூற்றுக்கும் மேல் ஷஹீதானார்கள், அதில் சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தப் பள்ளியின் சுவரில் துப்பாக்கிச் சன்னம் பட்ட ஓட்டைகளைப் பூசாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். சிற்பி எவரும் அதைச் செய்யவில்லை. அந்த ஓட்டைகளுக்குப் பக்கத்திலேயே ஸஃப் கட்டித் தொழுகிறார்கள். நாங்களும் தொழுதோம். ஸுஜூதில் இருந்து தலை தூக்கியபோது கண்ணுக்கு நேரே சுவர். இந்த நாட்டில் எங்களைப் பேசாமல் நிற்க வைத்த நினைவுச் சின்னம் எது என்று கேட்டால் அந்தச் சுவரைத்தான் சொல்வோம்.

பிறகு ஒரு வருடம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணச் சுற்றுலா. ஏ9 பாதை. கிளிநொச்சியில் பஸ் நின்றது. அங்கே இராணுவம் வைத்த நினைவுத்தூபி: சாம்பல் நிறத்தில் பெரிய கொங்கிறீற்றுக் கட்டி, அதைத் துளைத்துக்கொண்டு ஒரு பெரிய செல், வெடிப்புகள், உச்சியில் ஒரு தாமரைப் பூ. அதற்குக் கொஞ்சம் தள்ளி யுத்தத்தின் கடைசிக் காலத்தில் குண்டு வைத்துச் சாய்க்கப்பட்ட தண்ணீர்த் தாங்கி, விழுந்த மாதிரியே பார்வைக்கு விட்டிருந்தார்கள். பக்கத்தில் நினைவுப் பொருள் கடை. பிள்ளைகள் தாங்கிக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். கட்டியைப் பார்த்துவிட்டு ஒருவன், "பூ எப்பிடி சேர் கொங்கிறீற்றுல முளைக்கும்?" என்றான். சிரித்தார்கள். அவன் பகிடிக்குத்தான் கேட்டான். ஆனால் எங்களுக்கு அது நெடுநாள் மனதில் கிடந்தது. வென்றவர்கள் வைத்த பூ அது. அந்த ஊர்க்காரர் ஒருவர் எங்களோடு கடையில் தேத்தண்ணி குடித்தார். நாங்கள் நின்ற அவ்வளவு நேரமும் அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஆனையிறவில் இன்னொன்று. கைகள் மேலே நீண்டு இலங்கை வரைபடத்தைத் தாங்குகின்றன. பக்கத்தில் 1991இல் ஹசலக்க காமினி ஏறிக் குதித்து வெடிக்க வைத்த அந்த புல்டோசர். அவனும் ஒரு தாய்க்குப் பிறந்த பிள்ளைதான், நம்மைப் போல மலைநாட்டுப் பக்கத்துப் பொடியன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குள் மாணவர்கள் முள்ளிவாய்க்காலுக்கு ஒரு சின்னம் வைத்திருந்தார்கள். அதிலும் மேலே எழும்புகிற கைகள். 2021 ஜனவரி 8 இரவு அதை இடித்தார்கள். ஏப்ரலில் திரும்பக் கட்டினார்கள். ஆனையிறவிலும் கை, அங்கேயும் கை. இப்போது நம் டவுனுக்கு வந்த வட்ஸ்அப் படத்திலும் கை. கைதான் எல்லாச் சிற்பிக்கும் முதலில் ஞாபகம் வருகிறது போல. நமக்குக் கை என்றால் துஆவுக்கு ஏந்துவது. அது எதையும் தாங்குவதில்லை, கேட்கிறது.

யாருக்கு நினைவு வைக்க அனுமதி, யாருக்கு இல்லை என்பதுதான் இந்த நாட்டில் முக்கால்வாசிச் சண்டை. தெற்கில் சிங்களப் பிள்ளைகளுக்கும் அதுதான் நடந்தது. 1989, 90 காலத்தில் எம்பிலிப்பிட்டியப் பாடசாலை மாணவர்கள் காணாமல் போனார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளின் நினைவாக ஜகத் வீரசிங்க என்ற ஓவியர் பாராளுமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு நினைவிடம் அமைத்தார், 1999இல். பன்னிரண்டு, பதின்மூன்று வருடங்களில் அது இல்லாமல் போய்விட்டது. நம்ம ஊருக்கே வருவோம். பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ. 2000 ஒக்டோபர் 25 காலையில் அங்கே புனர்வாழ்வு முகாமில் இருந்த இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பொடியன்கள் கொல்லப்பட்டார்கள். அரசாங்கத்தின் பொறுப்பில் இருந்த பிள்ளைகள். நாங்கள் பயிற்சிப் பட்டறைக்குப் போகும்போதெல்லாம் அந்த வழியாகத்தான் போகிறோம். வேனுக்குள் எல்லோரும் பேசிக்கொண்டுதான் இருப்போம். அந்த இடம் வந்தால் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. பஸ் நிலையத்தில் வைக்கிற கல்லில் "யுத்தம்" என்று ஒரு சொல் எழுதினால், அதற்குள் பிந்துனுவெவ வருமா வராதா? அதை எழுதிக் கேட்டவர்களிடம் நாங்கள் கேட்கவில்லை. கேட்க எங்களுக்கும் பயமாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

வெளிநாடுகளில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று இரவில் தேடிப் பார்த்தோம். நெதர்லாந்தில் ரொட்டர்டாம் என்ற துறைமுக நகரம். 1940 மே 14 அன்று ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டு நகரத்தின் நடுப்பகுதியையே எரித்துவிட்டன. பாரிஸில் வாழ்ந்த ஒசிப் ஸட்கின் என்ற சிற்பி செய்த வெண்கலச் சிலை ஒன்று 1953இல் அங்கே வைக்கப்பட்டது. "அழிக்கப்பட்ட நகரம்" என்று பெயர். ஒரு மனிதன் கைகளை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறான், இல்லை, விழப் போகிறான். நெஞ்சில் இதயம் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய ஓட்டை. ஆரம்பத்தில் ஊரில் பலருக்கு அதைப் பிடிக்கவில்லையாம். எழுந்து நிற்கிற ஊருக்கு ஓட்டை விழுந்த சிலையா என்றிருக்கும். இன்றைக்கு அந்த நகரத்தின் அடையாளங்களில் ஒன்று அது. இன்னொரு விஷயம் எங்களுக்குப் பிடித்தது. அந்தச் சிலைக்குக் காசு கொடுத்தது ஒரு பெரிய கடைக்காரர்கள். பெயர் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தார்கள், பல வருடங்கள் யார் என்றே வெளியில் தெரியாது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று நாம் மிம்பரில் கேட்கிறோம். நம்ம ஊரில் ஒரு தண்ணிப் பைப் போட்டாலே பைப்பை விடப் பெயர்ப்பலகை பெரிதாக இருக்கிறது.

அதை விட நம் மனதுக்குக் கிட்ட வந்தது ஆச்சே. இந்தோனேசியாவில், நம்மைப் போல முஸ்லிம்கள் வாழ்கிற ஊர். 2004 டிசம்பர் 26 சுனாமியில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேல் மௌத். பண்டா ஆச்சேயில் கடலில் நின்ற 2,600 தொன் மின்சாரக் கப்பல் ஒன்றை அலை ஊருக்குள் கொண்டு வந்து போட்டது. அதை இழுத்துக்கொண்டு போகவில்லை. இருந்த இடத்திலேயே விட்டு நினைவாக்கிவிட்டார்கள். 2009இல் திறந்த சுனாமி நூதனசாலைக்குள் போகும்போது இருட்டான ஒடுக்கமான நடை, இரண்டு பக்கச் சுவரிலும் தண்ணி இறங்குகிற சத்தம். அதைத் தாண்டினால் கிணறு மாதிரி ஒரு வட்ட அறை, சுவர் முழுக்க இறந்தவர்களின் பெயர்கள், அண்ணாந்து பார்த்தால் உச்சியில் வெளிச்சத்தில் அல்லாஹ் என்ற எழுத்து. ஒரு உருவம் கூட இல்லை. இன்னொரு அலை வந்தால் ஊர்ச்சனம் ஓடி ஏறித் தப்புவதற்கும் அந்தக் கட்டடம்தான்.

ஜப்பானில் அனேயோஷி என்று ஒரு சின்னக் கிராமம். 1933 சுனாமிக்குப் பிறகு மேட்டில் ஒரு கல் நட்டார்கள். சிற்பம் ஒன்றும் இல்லை, வெறும் கல். இதற்குக் கீழே வீடு கட்டாதே என்பதுதான் அதன் சாரம். சனம் கேட்டது. மேலேதான் கட்டினார்கள். 2011இல் திரும்பவும் அலை வந்தது. அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது. எழுபத்தெட்டு வருடம் அந்தக் கல் மழையிலும் பனியிலும் நின்று ஒரே ஒரு வசனத்தைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

இதைப் பத்தாம் வகுப்பில் சொன்னோம். பாடத்திட்டத்தில் இல்லாத பாடம், மன்னிக்கவும். உங்கள் ஊருக்கு ஒரு கல் நடுவதென்றால் என்ன எழுதுவீர்கள் என்று தாள் கொடுத்தோம். பாதிப் பேர் எங்களைப் போலவே எழுதினார்கள், வீழ்ந்தோம், எழுந்தோம் என்று. எங்களிடம் படித்த பிள்ளைகள்தானே. தோட்டத்துப் பிள்ளை ஒன்று மட்டும் ஒரு கம்பம் வரைந்திருந்தது. கம்பத்தில் மூன்று கோடு. மேலே ஒரு போத்தல். என்ன மகள் இது என்று கேட்டால், "மழை அளக்கிறது சேர். இந்தக் கோட்டுக்கு வந்தா எல்லாரும் வெளிய வரணும்."

அந்தக் கோடுகள் கற்பனை இல்லை. கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையை வைத்துத்தான் மண்சரிவு அறிவிப்பு விடுகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இரு. 100 தாண்டினால் வெளியேறத் தயாராகு. 150 தாண்டினால், அல்லது ஒரு மணித்தியாலத்திலேயே 75 கொட்டினால், வெளியேறு. அதோடு நிலத்திலோ சுவரிலோ புதிதாக வெடிப்பு, சாய்கிற மரம், இறுகிப் போய்த் திறக்காத கதவு, ஊற்று இல்லாத இடத்தில் திடீரென்று ஊற்று, அல்லது தெளிவாக வந்த ஊற்றுத் தண்ணி செம்மண்ணாக வருவது. இவற்றில் எதையும் கண்டால் மில்லிமீற்றர் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். மழை அளக்கப் பெரிய செலவும் இல்லை. மேலும் கீழும் ஒரே அகலமான நேர்ப் போத்தல், வெட்டவெளியில் நிமிர்த்தி வைத்து, அடியில் இருந்து அடிமட்டத்தால் அளந்தால் 75 மில்லிமீற்றர் என்பது ஏழரை சென்ரிமீற்றர். நாலாம் வகுப்புப் பிள்ளை அளக்கும்.

போன நவம்பர் கடைசியில் டித்வா இரவில் நம்மில் எத்தனை பேருக்கு இந்த எண்கள் தெரிந்திருந்தன? எங்களுக்கே சரியாகத் தெரியாது. மழை கொட்டுகிற சத்தத்தில் போன்களுக்கு சார்ஜும் இல்லாமல், சிக்னலும் இல்லாமல் இருந்தோம். பதுளை மாவட்டத்தில் எத்தனை இடத்தில் மலை இறங்கியது என்று பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. 2014இல் நாங்கள் அரிசி கொண்டு போய் இறக்கிவிட்டு வந்தோம். அந்தப் பிள்ளை வரைந்த கம்பத்தை அன்றைக்கே நட்டிருக்கலாம். பதினோரு வருடம் இருந்தது. ஆசிரியர்கள் என்ற முறையில் இது எங்களுக்கு உறுத்துகிறது, மற்றவர்களுக்கு எப்படியோ தெரியாது.

சிலை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, வைக்கிறவர்கள் நல்ல மனதோடுதான் வைக்கிறார்கள். டவுனுக்கு வருகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று பார்த்தால் அதுவும் நல்லதுதான். ஆனால் அதற்கு எழுத எங்களிடம் மூன்று வரி இல்லை என்று நேற்றுப் போய்ச் சொல்லிவிட்டோம். கொஞ்சம் மனஸ்தாபம்தான். "அப்ப என்ன எழுதுறது?" என்று கேட்டார்கள். பெயர்கள் எழுதுங்கள் என்றோம். அடியில் மூன்று கோடும் மூன்று எண்ணும் போடுங்கள் என்றோம். அது சிலை மாதிரி இருக்காதே என்றார்கள். இருக்காதுதான்.

யோசித்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். அவர்கள் என்ன சொன்னாலும் கம்பம் ஒன்றை எங்கள் பாடசாலை மைதானத்தில் நடுகிறோம். இரும்புக் குழாய் ஒன்று டவுனில் ஒரு ஹார்ட்வெயார்க்காரர் தந்துவிட்டார், பெயர் சொல்ல வேண்டாம் என்றார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் காலை எட்டரைக்கும் பின்னேரம் பாடசாலை விடுகிறபோதும் அளந்து எழுதுவார்கள். லீவு நாளில் காவலாளி நானா அளப்பார். தோட்டப் பக்கத்துப் பாடசாலைகளும் வைப்பதென்றால் எங்களுக்குச் சொல்லுங்கள், பிள்ளைகளே வந்து காட்டிக் கொடுப்பார்கள்.

பெயர்கள் விஷயத்தில் உங்கள் உதவி வேண்டும். மீரியபெத்தையில் போனவர்கள், டித்வாவில் நம் பக்கத்தில் போனவர்கள், அதற்கு முன்னால் சின்னச் சின்ன மண்சரிவுகளில் ஒருவர் இருவராகப் போய்ப் பேப்பரில் இரண்டு வரியோடு முடிந்தவர்கள். யாராக இருந்தாலும் சரி. வீட்டில் கூப்பிட்ட பெயர், தோட்டம், லயம், வயது. இங்கே கீழே எழுத வேண்டாம், குடும்பத்தார் சம்மதம் இல்லாமல் யாருடைய பெயரையும் நாங்கள் போட மாட்டோம். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலை நூலகத்தில் இருப்போம். கையெழுத்து வராதவர்கள் வந்து சொன்னால் போதும், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள்.

முதல் பக்கத்தில் முதல் பெயர் எழுதியாயிற்று. தேத்தண்ணி அக்கா தன் கையாலேயே எழுதினார். எழுத்துக் கூட்டி எழுத நேரம் எடுத்தது. இடைவேளை மணி அடித்தும் நாங்கள் யாரும் எழும்பவில்லை.